இரண்டாயிரம் ரூபாய் அபராதமும் என் விபத்து இழப்பீட்டு வழக்கும்

2023 ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஏற்காட்டில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போவதற்காக மாமியாரைப் பின்னிருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு கோரிமேட்டிலிருந்து காரில் கிளம்பினேன். என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார் என்பதால் வீட்டுக் காரை ஓட்டுவது பல ஆண்டுகளாக நான்தான். அந்த மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் எனக்குப் பழகியவை. அடிவாரத்தில் ஒரு தேநீர்க் கடை ஓரமாக வண்டியை நிறுத்தியபோது நாத்தனார் அழைத்து, "எங்க அண்ணி இருக்கீங்க? அம்மாவுக்குக் காப்பி போட்டு வைக்கட்டா?" என்று கேட்டாள். நான்கு நிமிடம் பேசிவிட்டுக் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். பாதி மலை ஏறியிருப்போம், ஒரு வளைவில் மேலிருந்து வேகமாக இறங்கிய பெரிய கார் ஒன்று வளைவை வெட்டிக்கொண்டு என் பக்கத்துக்கு வந்து, என் காரின் வலது முன்பகுதியில் மோதி, எங்களை மலைச்சரிவின் ஓரத்து வாய்க்காலுக்குள் தள்ளியது. என் வலது கால் கீழெலும்பு இரண்டு இடங்களில் முறிந்தது, வலது காறை எலும்பில் விரிசல் விழுந்தது, மாமியாருக்கு மணிக்கட்டு முறிந்தது. அதற்குப் பிறகு இரண்டரை ஆண்டுகள் நான் அலைந்த அலைச்சலில் பெரும்பகுதி அந்தக் காரினால் வந்தது அல்ல. அன்றிரவு என் தம்பி இணையத்தில் கட்டிய இரண்டாயிரம் ரூபாய் அபராதத்தினால் வந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த நாளில் எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மோதலுக்குப் பிறகு என் கை தானாக மடியைத் தேடிக் கைபேசியை எடுத்து 108-ஐ அழைத்தது. கீழே இறங்கிக்கொண்டிருந்த பேருந்தை நிறுத்தி ஓடி வந்த நடத்துனர்தான் என் சீட் பெல்ட்டைக் கழற்றி, இரண்டு பேர் துணையோடு என்னை வெளியே எடுத்துச் சாலையோரத்தில் ஒரு துண்டை விரித்துப் படுக்க வைத்தார். மாமியார் "ஐயோ சாமி" என்று அரற்றிக்கொண்டிருந்தார். நான் தம்பியை அழைத்து இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது காவலர் ஒருவர் வந்தார். எதிர்க் காரில் வந்தவர்களில் ஒருவர் அவரிடம், நான் கைபேசியில் பேசிக்கொண்டே வந்து மோதியதாகச் சொன்னது என் காதில் விழுந்தது. மறுத்துப் பேச எனக்குக் குரல் எழவில்லை. அவர் என் உரிமத்தை வாங்கிப் பார்த்தார், காரைச் சுற்றி வந்து கருவியில் படம் எடுத்தார், எதிர் ஓட்டுநரிடமும் ஏதோ கேட்டு எழுதினார். ஆம்புலன்ஸ் வந்ததும் நான் கிளம்பிவிட்டேன். எனக்கு எதிராக ஓர் இ-சலான், அதாவது கருவியில் பதியும் மின்னணு அபராதச் சீட்டு, போடப்பட்டிருக்கிறது என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மறுநாள் காலை அறுவைச் சிகிச்சை என்று முடிவானது. அன்றிரவு என் கைபேசி தம்பியிடம் இருந்தது. ஒன்பது மணி வாக்கில் அபராதக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. இரண்டு குற்றங்கள், ஆயிரம் ஆயிரமாக இரண்டாயிரம் ரூபாய். அபராத பாக்கி இருந்தால் காவல் நிலையத்திலிருந்து காரை எடுப்பதில் சிக்கல் வரும் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அக்காவுக்கு இருக்கிற வேதனையில் இதையும் சொல்ல வேண்டாம் என்று நினைத்து, அவனே ஐந்து நிமிடத்தில் பணம் கட்டிவிட்டான். அவன் மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. அபராதம் என்றால் கட்டிவிட்டால் தீர்ந்தது என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நான் விழிப்போடு இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

அந்தச் சலானை நான் முதன்முதலாகத் திறந்து பார்த்தது ஐந்து மாதம் கழித்து, வழக்கறிஞர் கேட்ட பிறகுதான். முதல் குற்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவின்படி, ஓட்டும்போது கைபேசி பயன்படுத்தியது. இரண்டாவது 194பி பிரிவின்படி, சீட் பெல்ட் அணியாதது. இந்த 184 என்ற எண்ணை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கைபேசி பயன்பாட்டை இந்தப் பிரிவுக்குள் கொண்டுவந்தார்கள். பிரிவின் தலைப்போ ஆபத்தான முறையில் வாகனம் ஓட்டுதல். ஆகவே கைபேசிக்கு ஆயிரம் ரூபாய் என்று நாம் சாதாரணமாகக் கட்டும் தொகை, காகிதத்தில் "ஆபத்தான முறையில் ஓட்டியதற்காக அபராதம் செலுத்தியவர்" என்று நம்மைக் காட்டுகிறது. மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவரின் சார்பில் பணம் கட்டும் உறவினர் பிரிவு எண்ணைப் பார்ப்பதில்லை. தொகையை மட்டுமே பார்க்கிறார்.

காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை எதிர் ஓட்டுநர் மீதுதான் பதிவானது, அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 338 பிரிவுகளின் கீழ். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டதால் இப்போது இவை 281, 125 என்ற எண்களில் வரும். நான்கு மாதம் கழித்துக் குற்றப்பத்திரிகை தாக்கலாகி, அவர் குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். இதைக் கேள்விப்பட்டதும் இனி நம் பக்கம் உறுதி என்று நிம்மதி அடைந்தேன். அந்த நிம்மதியில்தான் கோட்டை விட்டேன். வாக்கரைப் பிடித்து நடக்கும் நிலையில், வழக்கறிஞரைத் தேடுவதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டேன். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. செவ்வாய்ப்பேட்டையில் நான் கணக்கு எழுதும் வெள்ளிக் கொலுசுக் கடையின் முதலாளி ஒருநாள் வீட்டுக்குப் பார்க்க வந்தவர், "மனு போட்டாச்சாம்மா?" என்று கேட்டதால்தான் ஜூன் மாதம் அவசரமாக ஒரு வழக்கறிஞரிடம் போனேன். குற்றவியல் வழக்கு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, இரண்டும் வெவ்வேறு தடம் என்று அவர் விளக்கினார். நமக்கு இருக்கும் மற்றொரு வசதியையும் அவரே சொன்னார்: விபத்து நடந்த இடம், நாம் குடியிருக்கும் இடம், எதிர்மனுதாரர் குடியிருக்கும் இடம் ஆகிய எதன் எல்லைக்குள் வரும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் மனு போடலாம் என்பதால், வெளியூர் வண்டி மோதியது என்பதற்காக நாம் வெளியூருக்கு அலைய வேண்டியதில்லை.

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "உங்க வண்டி மேல ஏதாவது ஃபைன் போட்டாங்களா மேடம்?" என்பதுதான். ஆமாம், கட்டிவிட்டோம் என்று சொன்னதும் அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அவர் சொன்னதை என் சொற்களில் சொல்கிறேன். இழப்பீட்டு வழக்கில் எதிர்த் தரப்பு என்பது நடைமுறையில் எதிர் வண்டியின் காப்பீட்டு நிறுவனம்தான். முதல் தகவல் அறிக்கையும் குற்றப்பத்திரிகையும் தங்கள் ஓட்டுநருக்கு எதிராக இருக்கும்போது, முழுத் தொகையையும் தவிர்க்க அவர்களால் முடியாது. ஆனால் பாதிக்கப்பட்டவருக்கும் விபத்தில் பங்கு உண்டு என்று காட்டினால் அந்தப் பங்கின் விழுக்காட்டைத் தொகையிலிருந்து கழிக்கச் செய்யலாம். இதைப் பங்களிப்புக் கவனக்குறைவு என்கிறார்கள். அதற்கு அவர்களுக்கு ஓர் ஆதாரம் வேண்டும். நாம் கட்டிய அபராதத்தின் ரசீதை நாமே அவர்கள் கையில் கொடுத்துவிட்டோம்.

சட்டம் அவ்வளவு கண்மூடித்தனமானது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். போக்குவரத்து விதியை மீறினார் என்பதால் மட்டுமே ஒருவர் விபத்துக்குக் காரணம் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. உரிமம் இல்லாமல் ஓட்டியது ஒரு குற்றம்தான், ஆனால் அதுவே கவனக்குறைவுக்கு நிரூபணம் ஆகாது என்று 2008-இல் ஒரு வழக்கில் சொன்னது. இருசக்கர வாகனத்தில் மூன்று பேர் போனது விதிமீறல்தான், ஆனால் அந்த மீறலுக்கும் மோதலுக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டாத வரை இழப்பீட்டைக் குறைக்க முடியாது என்று 2020-இல் சொன்னது. இதில்தான் சலானுக்குச் சலான் வேறுபாடு இருக்கிறது. புகைச் சான்று காலாவதியானதற்கோ உரிமத்தைக் கையில் வைத்திராததற்கோ போட்ட அபராதத்தை மோதலோடு முடிச்சுப் போடுவது கடினம். கைபேசி, வேகம், தவறான பக்கத்தில் ஓட்டுதல், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், மது ஆகியவற்றுக்கான அபராதம் நேரடியாக மோதலின் காரணத்தைத் தொடுகிறது. சீட் பெல்ட்டும் தலைக்கவசமும் இடையில் நிற்பவை. அவை விபத்துக்குக் காரணம் ஆவதில்லை, ஆனால் காயம் பெரிதானதற்குக் காரணம் என்று வாதிட இடம் கொடுக்கின்றன. எனக்கு விழுந்த இரண்டில் கைபேசி மோதலின் காரணத்தைத் தொடும் வகை, சீட் பெல்ட் இடையில் நிற்கும் வகை.

மனு போட்டு ஓராண்டுக்கு மேல் ஆன நிலையில், 2024 செப்டம்பரில் நடந்த, வழக்குகளைச் சமரசமாக முடிக்கும் தேசிய மக்கள் நீதிமன்றத்தில் காப்பீட்டு நிறுவனம் நான்கேகால் லட்சம் ரூபாய்க்கு முடித்துக்கொள்ளலாம் என்றது. அறுவைச் சிகிச்சைக்கும் தங்கியதற்கும் மட்டும் எனக்கு 2,36,000 ரூபாய் ஆகியிருந்தது, பிசியோதெரப்பிக்கு 28,000, ஐந்து மாதச் சம்பளம் இல்லை, கணவர் அங்கே கடன் வாங்கி அனுப்பியிருந்தார். கையில் வரும் பணத்தை விடாதே என்று உறவினர்கள் எல்லோரும் சொன்னார்கள். தொகை ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டதற்கு, சலானுக்காக எப்படியும் 25 விழுக்காடு போய்விடும், அதைக் கழித்துத்தான் சொல்கிறோம் என்று பதில் வந்தது. மக்கள் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அதற்கு மேல்முறையீடு கிடையாது என்பதை வழக்கறிஞர் நினைவூட்டினார். இரண்டு இரவு தூங்காமல் யோசித்து, மறுத்துவிட்டேன். பணத்துக்காக மட்டும் மறுக்கவில்லை. நான் பேசிக்கொண்டு ஓட்டவில்லை என்பது எனக்குத் தெரியும். ஓட்டினேன் என்று ஒரு காகிதம் சொல்வதை என் கையெழுத்தால் உறுதி செய்ய மனம் ஒப்பவில்லை.

அதன் பிறகு வந்த குறுக்கு விசாரணைதான் இந்த முழு அனுபவத்திலும் கடினமான நாள். சாட்சிக் கூண்டில் நெடுநேரம் நிற்க முடியாது என்பதால் நாற்காலி கொடுத்தார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் மிகவும் மரியாதையாகவே பேசினார். இந்த ரசீது உங்களுடையதுதானே என்று கேட்டார், ஆமாம் என்றேன். இதில் எந்த ஆட்சேபணையும் தெரிவிக்காமல் விபத்து நடந்த அன்றே பணம் கட்டியிருக்கிறீர்கள் அல்லவா என்று கேட்டார், ஆமாம் என்றேன். தவறு செய்யாத ஒருவர் எதற்காக அபராதம் கட்ட வேண்டும் என்று கேட்டார். நான் மயக்க மருந்துக்குக் காத்திருந்தேன், தம்பி கட்டினான் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அவனை அங்கே இழுத்துப் பேச நாக்கு வரவில்லை, வாயடைத்துப் போனேன். அடுத்து, மலையேறும்போது கைபேசி எங்கே இருந்தது என்று கேட்டார். மடியில் இருந்தது என்று உண்மையைச் சொன்னேன். அந்த ஒரு சொல்லை அவர் அமைதியாகக் குறித்துக்கொண்டதைப் பார்த்தபோதே ஏதோ பிசகிவிட்டது என்று தெரிந்தது. உண்மையைச் சொன்னதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் அதை என் வழக்கறிஞரிடம் முன்கூட்டியே சொல்லவில்லை என்பதற்காக வருந்துகிறேன். அவருக்கும் அது கூண்டில்தான் முதன்முதலாகத் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால், கைபேசி எங்கே இருந்தது, ஏன் இருந்தது, ஓட்டும்போது அதைத் தொட்டேனா என்பதை எல்லாம் என் முதல் விசாரணையிலேயே முழுமையாகச் சொல்ல வைத்திருப்பார்.

என்னைக் காப்பாற்றியவை என்று பார்த்தால், நான் திட்டமிட்டுச் சேர்த்த ஆதாரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் வேறு காரணத்துக்காக யாரோ எழுதி வைத்த பதிவுகள். முதலாவது, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல். அதில் பணி மருத்துவர் என் வலது தோளிலிருந்து இடது விலா வரை சாய்வாக ஓடும் கன்றிய தடம் ஒன்றைக் குறித்திருந்தார். நம் ஊர்க் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம் இருப்பதால் பெல்ட் வலது தோளிலிருந்துதான் இறங்கும். பெல்ட் அணிந்திராத உடம்பில் அந்தத் தடம் விழுந்திருக்க வழியில்லை. அன்று அந்த மருத்துவர் அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டிருந்தால் சீட் பெல்ட் குற்றச்சாட்டை என்னால் மறுத்திருக்க முடியாது. விபத்தில் சிக்கியவரை மருத்துவமனையில் சேர்க்கும்போது, சிறு சிராய்ப்பாக இருந்தாலும் எல்லாக் காயத்தையும் காட்டி எழுதச் சொல்லுங்கள். விபத்து எப்படி நடந்தது என்ற இடத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று எட்டிப் பாருங்கள்.

இரண்டாவது, சலானிலேயே இருந்த நேரமும் படமும். சலானில் பதிவான நேரம் 12 மணி 26 நிமிடம். நான் 108-ஐ அழைத்தது 11 மணி 38 நிமிடம் என்பது, தீர்ப்பாயத்தின் வழியாகக் கேட்டுப் பெற்ற அழைப்புப் பதிவில் தெரிந்தது. சலானுடன் இணைந்த படத்தில் ஓட்டுநர் இருக்கை காலியாக இருந்தது, ஓரத்தில் ஆம்புலன்ஸின் பின்கதவு தெரிந்தது. அதாவது, கார் நின்று முக்கால் மணி நேரத்துக்கும் மேலாகி, நான் தரையில் படுத்திருந்தபோது, ஓட்டும்போது கைபேசி பயன்படுத்தியதாக ஒரு குற்றம் பதிவாகியிருக்கிறது. ஐந்து மாதம் அந்தப் படம் எங்கள் கைபேசியிலேயே திறக்கப்படாமல் கிடந்தது என்பதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. அன்றிரவு யாராவது ஒருவர் திறந்து பார்த்திருந்தால் பணம் கட்டியிருக்க மாட்டோம். அபராதத்தைக் கட்டி இணக்கமாக முடித்துக்கொள்வது நம் விருப்பத்தைப் பொறுத்தது. இ-சலான் தளத்திலேயே குறை தெரிவிக்க வழி இருக்கிறது, எழுத்து மூலமாகவும் மறுக்கலாம், எங்கள் விபத்து நடந்த காலத்தில் கட்டாமல் விட்டு விஷயம் நீதிமன்றத்துக்குப் போனால் அங்கும் மறுக்க முடிந்தது. மறுத்த மனுவின் ஒரு நகல் மட்டும் என் கோப்பில் இருந்திருந்தால், "தவறு செய்யாதவர் ஏன் கட்டினார்" என்ற அந்தக் கேள்வியே பிறந்திருக்காது. உண்மையிலேயே பேசிக்கொண்டு ஓட்டியவர் மறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நடக்காத ஒன்றுக்காக, வேலை முடியட்டும் என்று கட்டிவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

கைபேசி அழைப்புப் பதிவுகளை நிறுவனங்கள் காலம் முழுவதும் வைத்திருப்பதில்லை என்பதால் அவற்றை முதல் சில மாதங்களுக்குள்ளேயே கேட்டு வாங்கிவிட வேண்டும். என் வழக்கில் அடிவாரத்துத் தேநீர்க் கடையில் பேசிய அழைப்பு 11 மணி 9 நிமிடத்தில் முடிந்ததும், அதற்குப் பிறகு 108 வரை வேறு அழைப்பு எதுவும் இல்லை என்பதும் அந்தப் பதிவிலிருந்துதான் தெளிவானது. மூன்றாவதாகக் கைகொடுத்தது காவல்துறை வரைந்த சம்பவ இட வரைபடமும் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையும். உடைந்த கண்ணாடித் துண்டுகள் முழுவதும் சாலையின் இடப்பக்கத்தில், அதாவது ஏறும் வண்டிக்கு உரிய பக்கத்தில் கிடந்ததாக வரைபடம் காட்டியது. குறுகலான மலைச்சாலையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. இந்த ஆவணங்களை எல்லாம் காவல் நிலையத்தில் பலமுறை கேட்டு நின்றுதான் பெற முடியும் என்று நினைத்திருந்தேன். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் கட்டணம் செலுத்தி விபத்து வழக்கு ஆவணங்களைப் பெறும் வசதி இருப்பது பிறகுதான் தெரிந்தது. விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது. அதன் நகலையும் கேட்டுப் பெற்று, உங்கள் தரப்பில் ஏதாவது தவறு எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எனக்குக் கேடு செய்த மற்றொரு காகிதமும் உண்டு. என் காரின் சேதத்துக்காக என்னுடைய காப்பீட்டு நிறுவனத்துக்குக் கொடுத்த படிவத்தில், விபத்து நடந்த விதம் என்ற இடத்தில் பணிமனை ஊழியர், "வளைவில் இரண்டு வாகனங்களும் மோதிக்கொண்டன" என்று தானாகவே எழுதியிருந்தார். படிக்காமலே படுக்கையில் கையெழுத்திட்டேன். எதிர்த் தரப்பு அதையும் வரவழைத்து, பார்த்தீர்களா, இவரே இரண்டு வாகனங்களும் என்று சொல்கிறார் என்று காட்டியது. வண்டிச் சேதம் வேறு, உடல் காயம் வேறு என்று நாம் பிரித்து நினைக்கிறோம். இரண்டு கோப்புகளிலும் இருக்கும் கையெழுத்து ஒன்றுதான்.

இந்த வழக்கில் என் மனத்தை நெடுநாள் அரித்த முரண் ஒன்று உண்டு. எதிர் ஓட்டுநர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியதை நாங்கள் எங்கள் பக்கத்து வலுவான ஆதாரமாகக் காட்டினோம். அவரது காப்பீட்டு நிறுவனமோ, நீதிமன்றத்துக்கு அலைய முடியாமல் வசதிக்காக ஒப்புக்கொண்டார், அதை உண்மையாக எடுக்கக் கூடாது என்று வாதிட்டது. அதே நாவால், நான் கட்டிய அபராதத்தை மட்டும் உண்மையாக எடுக்க வேண்டும் என்றது. என் வழக்கறிஞர் இதற்குச் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. எதிர் ஓட்டுநர் நீதிபதியின் முன் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டவர். என் கட்சிக்காரர் யார் முன்னும் நிற்கவில்லை, எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, ஒரு தொகை இணையத்தில் செலுத்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். மேலும், பங்களிப்புக் கவனக்குறைவு இருந்தது என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். சலான் போட்ட காவலரை அவர்கள் சாட்சியாக அழைத்து விசாரிக்கவே இல்லை.

2025 ஜூலையில் தீர்ப்பு வந்தது. சீட் பெல்ட் குற்றச்சாட்டை மருத்துவப் பதிவின் அடிப்படையில் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. பேசிக்கொண்டு ஓட்டினேன் என்பதையும், அழைப்புப் பதிவையும் சலானின் நேரத்தையும் ஒப்பிட்டு, ஏற்கவில்லை. ஆனால் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு மலைப்பாதையில் ஓட்டியதாக நானே சொன்னதையும், அபராதம் மறுப்பின்றிச் செலுத்தப்பட்டதையும் சேர்த்துப் பார்த்து, என் பங்கு 10 விழுக்காடு என்று வைத்தது. 7,80,000 ரூபாய் என்று கணக்கிட்ட தொகையில் 78,000 கழிந்து, 7,02,000 ரூபாயும் மனு தேதியிலிருந்து 7.5 விழுக்காடு வட்டியும் தீர்ப்பானது. முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. உயர் நீதிமன்றத்துக்கு 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றார் வழக்கறிஞர். எதிர்த் தரப்பும் பதிலுக்கு மேல்முறையீடு செய்தால் பணம் இன்னும் தள்ளிப் போகும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். கணவரின் கடனை நினைத்து, போதும் என்று விட்டுவிட்டேன். பணம் நவம்பரில் வங்கிக்கு வந்தது.

மாமியாரின் வழக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பல குடும்பங்கள் தெரியாமல் இழக்கின்றன. ஒரே விபத்து, ஒரே கார் என்பதால் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே மனு போதும் என்று நான் நினைத்திருந்தேன். வழக்கறிஞர் அத்தைக்குத் தனி மனு போட வைத்தார். பின்னிருக்கையில் இருந்தவர் வண்டியை ஓட்டவில்லை. ஆகவே ஓட்டியவரின் தவறு எதுவும் அவரது தொகையைக் குறைக்காது. இரண்டு ஓட்டுநர்கள் மீதும் தவறு இருந்தாலும், பயணி தனக்கு வர வேண்டிய முழுத் தொகையையும் அவர்களில் எவரிடமிருந்தும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இரண்டு மனுக்களும் சேர்த்தே விசாரிக்கப்பட்டு ஒரே நாளில் தீர்ப்பாயின. எனக்கு 10 விழுக்காடு கழிந்த அதே தீர்ப்பில், அத்தைக்கு ஒரு ரூபாய்கூடக் கழியாமல் 1,10,000 ரூபாய் கிடைத்தது. ஓட்டியவர் மீது அபராதம் விழுந்துவிட்டதே, இனி எங்கே கேட்பது என்று கூட வந்தவர்கள் ஒதுங்கிவிட வேண்டாம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே அங்கே இலவச சட்ட உதவி உண்டு. இதுவும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

கடந்த மாதம் எங்கள் தெருவில் ஒரு பையன் குப்பனூர் சாலையில் இருசக்கர வாகனத்தில் வந்தபோது, எதிரே வந்த சரக்கு வேன் மோதி இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தான். அவனுடைய அம்மா அழுதுகொண்டே, தலைக்கவசம் போடவில்லை என்று அபராதம் வந்திருக்கிறது அக்கா, கட்டிவிடட்டுமா என்று என்னிடம் கேட்டாள். தலைக்கவசத்தைப் போட்டிருந்தானா என்று முதலில் அவனிடமே கேட்டேன். போட்டிருந்தேன் பெரியம்மா, கீழே விழுந்த பிறகு யாரோ கழற்றினார்கள் என்றான். சலானைத் திறந்து நேரத்தையும் படத்தையும் பிரிவையும் மூவரும் சேர்ந்து பார்த்தோம். படத்தில் வண்டி சாய்ந்து கிடந்தது, ஆள் இல்லை. விபத்து நடந்த நேரம், சலான் போட்ட நேரம், கீறல் விழுந்த தலைக்கவசம் இப்போது எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் எழுதி, அபராதத்தை மறுக்கிறோம் என்று ஒரு பக்கத்தில் மனு தயாரித்து, அவன் கையெழுத்தை வாங்கி விரைவுத் தபாலில் அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை. தபால் ரசீதும் ஒப்புகை அட்டையும் அவர்கள் வீட்டுக் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன. அந்தத் தலைக்கவசத்தைத் துடைக்க வேண்டாம் என்று சொல்லி ஒரு துணிப்பையில் கட்டி வைக்கச் செய்திருக்கிறேன்.